ஞாபகத்துக்கு ஓர் ஊசி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலையின் முகத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். ராஜகோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் கடைவீதியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மலைக்கு முதுகுப்புறம் என்றும் ஒன்று உண்டு. கிரிப் பிரதட்சிணம் செய்கிறவர்கள் 14 கிலோ மீட்டரில் சுமார் பாதியை நடந்து முடித்து, கால் கெஞ்ச ஆரம்பிக்கும் சமயத்தில் அங்கே வந்து சேருவார்கள். அந்த இடத்திலுள்ள ஊருக்கு அடி அண்ணாமலை என்று பெயர். பழைய சிவன் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. மாணிக்கவாசகருக்கும் ஒரு சிறு கோயில் உண்டு. திருவெம்பாவை பாடப்பட்ட ஸ்தலம் அதுதான் என்பது ஐதிகம்.

அந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயாருக்கு வயது 74. அந்த அம்மாள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வருகிறவர். மற்றவர்கள் பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டு அங்கே முடிப்பார்கள். இவருக்கோ தம் வீட்டு வாசல்தான் புறப்படும் இடம், வந்து சேரும் இடம் எல்லாம்.

2025-ஆம் வருஷம் ஆனி மாதப் பௌர்ணமியன்று மாலை ஆறு மணிக்குப் புறப்பட்ட அம்மாள், இரவு பதினொன்றாகியும் திரும்பவில்லை. மகனும் பேரனும் ஜனக் கூட்டத்தில் தேடித் தேடி அலுத்துப் போனார்கள். பொழுது விடியும் சமயத்தில், கால் இரண்டும் வீங்கி, அம்மாள் தாமாகவே வந்து சேர்ந்தார்.

"எங்கே அம்மா போயிருந்தீர்கள்?" என்று மகன் பதறிப் போய்க் கேட்டார்.

"எங்கே போவேன்? இப்போதுதானே புறப்பட்டேன்" என்று பதில் வந்தது.

நடந்தது இதுதான். ஒரு சுற்று முடித்துத் தம் வீட்டுக்கு முன்னால் வந்தவருக்கு, அது தம் வீடு என்பதோ, சுற்று முடிந்தது என்பதோ தோன்றவில்லை. அப்படியே மேலே நடந்து இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். 28 கிலோ மீட்டர்!

அதற்குப் பிறகுதான் வீட்டார் உட்கார்ந்து யோசித்தார்கள். இரண்டு வருஷமாகவே ரசத்தில் உப்பு இரட்டிப்பாக விழுந்து கொண்டிருந்தது. பால்காரனுக்குக் கொடுத்த பணத்தை மறுபடி கொடுத்திருக்கிறார். பேத்தியை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மருமகள் சமையலைத் தாம் ஏற்றுக் கொண்டாள். கணக்கை மகன் வாங்கிக் கொண்டார். "வயதாகிவிட்டது, பாவம்" என்ற ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்துவிட்டது. கிரிவலப் பாதையோ வட்டமான பாதை. வழி தெரியாதவரையும் அது வீட்டு வாசலில் கொண்டு வந்து விட்டுவிடும். நேர்ச் சாலையாயிருந்தால், அம்மாளுக்கு வழி தவறுகிறது என்பது முன்னமே தெரிந்திருக்கும் அல்லவா?

நான் போயிருந்தபோது சிநேகிதர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, "ஐயா! ஞாபக மறதிக்கு ஊசி கண்டுபிடித்து விட்டார்களாமே? பத்திரிகையில் பார்த்தேன். வீட்டை விற்றாவது போட்டு விடலாமென்று நினைக்கிறேன். நீங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்" என்றார். வீட்டை விற்பதென்று ஒருவர் சொன்ன பிறகு, அரைகுறையாக விசாரிப்பது தகாது. விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இதே கேள்வி இப்போது பல வீட்டுத் திண்ணைகளில் எழுந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வியாதியின் கதை 1901-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகரில் ஆரம்பமாகிறது. அங்கே மனோவியாதி ஆஸ்பத்திரியில் அகஸ்டே என்னும் 51 வயது ஸ்திரீயைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவளைக் கவனித்த டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர், கேள்விகளையும் அவள் தடுமாறிச் சொன்ன பதில்களையும் ஒன்று விடாமல் எழுதி வைத்தார். 1906-இல் அவள் இறந்த பிறகு மூளையை வாங்கிப் பூதக் கண்ணாடியில் பார்த்தபோது, இரண்டு விபரீதங்களைக் கண்டார். நரம்பு அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கல் போல் முடிச்சுகள் இருந்தன. அவ்வருஷம் நவம்பர் 3-ந் தேதி டூபிங்கன் நகரில் வைத்தியர் மகாநாட்டில் இதை எடுத்துச் சொன்னார். சபையில் ஒருவரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை! 1910-இல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தம் பாட நூலில் அந்த வியாதிக்கு அல்ஸைமர் பெயரையே சூட்டினார்.

வெளியே படிந்த திட்டு இன்னதென்பது வெகு காலம் மர்மமாகவே இருந்தது. 1984-இல் அமெரிக்காவில் கிளென்னர் என்பவரும் வாங் என்பவரும் அதிலுள்ள புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பீட்டா அமிலாய்டு என்பது அதன் பெயர். உள்ளே இருக்கும் முடிச்சுக்கு டௌ என்ற வேறொரு புரதம் காரணம். அமிலாய்டு முதலில் சேருகிறது, அதைத் தொடர்ந்து டௌ கெடுகிறது, பிறகு அணுக்கள் மடிகின்றன என்பது நிபுணர்களில் பலருடைய அபிப்பிராயம். அப்படியானால் முதலில் சேருகிற குப்பையை வாரிவிட்டால் என்ன? ஊசி மருந்தின் தத்துவம் இவ்வளவுதான்.

வாருவது எப்படி என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி என்ற ஊரில் இருளர்களின் பாம்பு பிடிக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே எடுக்கிற விஷத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்கிச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றுகின்றன. குதிரையின் இரத்தத்தில் அந்த விஷத்தைப் பற்றிப் பிடிக்கும் புரதம் உண்டாகிறது. பாம்பு கடித்தவனுக்கு அதைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள். இப்போது வந்திருக்கும் மருந்துகளும் அந்த ஜாதியைச் சேர்ந்தவைதான். குதிரைக்குப் பதிலாக ஆய்வுக் கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்கள். பாம்பு விஷத்துக்குப் பதிலாக அமிலாய்டு. மருந்து அமிலாய்டைப் பற்றிக் கொள்ளும். மூளையிலுள்ள துப்புரவு அணுக்கள் வந்து அதை அகற்றும்.

இந்த வரிசையில் முதலில் கடைக்கு வந்தது அடுகானுமாப் என்ற மருந்து. 2020 நவம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆலோசனைக் குழுவினர் இது பயன் தரும் என்பதற்குப் போதிய ருசுவில்லை என்றார்கள். அப்படியும் 2021 ஜூனில் அனுமதி கிடைத்தது. குழுவிலிருந்து மூவர் ராஜிநாமாச் செய்தார்கள். அந்தக் கம்பெனியே 2024-இல் அதைக் கைவிட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து வந்த இரண்டும் அப்படித் தள்ளிவிடக் கூடியவை அல்ல. லெகானெமாப் என்பது ஒன்று. ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் லான்ஃபெல்ட் என்ற பேராசிரியர் ஒரு குடும்பத்தின் பரம்பரை வியாதியை ஆராய்ந்ததில் பிறந்தது இது. ஜப்பானிய ஈசாய் கம்பெனியும் அமெரிக்கப் பயோஜென் கம்பெனியும் இதைத் தயாரிக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சுமார் ஒரு மணி நேரம் இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். 1,795 பேரை 18 மாதம் சோதித்தார்கள். நோயின் கடுமையை அளக்க 18 புள்ளி கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. வெறும் திரவம் பெற்றவர்கள் அதில் 1.66 புள்ளி கீழே போனார்கள். மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளி கீழே போனார்கள். வித்தியாசம் 0.45. பத்திரிகைகளில் 'நூற்றுக்கு 27 பங்கு நிதானப்பட்டது' என்று வந்ததெல்லாம் இந்தக் கணக்கைத்தான். கவனியுங்கள்: மருந்து பெற்றவர்களும் கீழேதான் போனார்கள். ஒருவருக்கும் போன ஞாபகம் திரும்பவில்லை. 18 மாதத்தில் வரவேண்டிய நலிவு சுமார் ஐந்து மாதம் பிந்தி வந்தது என்று வைத்துக் கொள்ளலாம். 2023 ஜூலையில் அமெரிக்காவில் இதற்குப் பூரண அனுமதி கிடைத்தது.

டொனானெமாப் என்பது மற்றொன்று. அமெரிக்க எலி லில்லி கம்பெனியாருடையது. மாதம் ஒரு முறை ஏற்றினால் போதும். மூளையில் திட்டுகள் மறைந்துவிட்டன என்று படத்தில் தெரிந்தால் நிறுத்தியே விடலாம். 1,736 பேரை வைத்துச் சோதித்ததில், டௌ முடிச்சு அதிகம் பரவாதவர்களுக்கு நலிவு நூற்றுக்கு 35 பங்கு நிதானப்பட்டது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் 22 பங்குதான். 2024 ஜூலையில் அமெரிக்காவிலும், 2025-இல் இந்தியாவிலும் இதற்கு அனுமதி அளிக்கப்பட்டது. லெகானெமாப் சம்பந்தமாகவும் ஒரு சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. 18 மாதம் சொட்டுச் சிகிச்சை முடித்தவர்கள், இன்ஸுலின் போட்டுக் கொள்வது போல் வீட்டிலேயே வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போட்டுக் கொள்ளும் ஊசிக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி தந்தது.

அபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. திட்டு கரையும்போது மூளையில் சில இடங்களில் நீர் கோத்து வீக்கம் உண்டாகலாம். சிறு இரத்தக் கசிவும் ஏற்படலாம். லெகானெமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 12 அல்லது 13 பேருக்கு இந்த வீக்கம் படத்தில் தெரிந்தது. டொனானெமாப் பெற்றவர்களில் 24 பேருக்கு. பெரும்பாலோருக்கு வெளியே ஓர் அறிகுறியும் இல்லாமல் தானே வற்றிவிட்டது. ஆனால் டொனானெமாப் சோதனையில் மூன்று மரணங்களை மருந்தின் விளைவு என்றே கருதினார்கள். அபோ-ஈ-4 என்னும் பரம்பரைக் கூறு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் அபாயம் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் டாக்டர்கள் மிகவும் தயங்குகிறார்கள். ஆகையால் சிகிச்சையின் முதல் மாதங்களில் எம்.ஆர்.ஐ. படம் ஒரு முறையல்ல, பல முறை எடுத்தாக வேண்டும்.

செலவு விஷயத்துக்கு வருவோம். லெகானெமாப் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை வருஷத்துக்கு 26,500 டாலர். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். படமும் பரிசோதனையும் தனி. தமிழ்நாட்டில் 2023-இல் முதியோர் உதவித் தொகையை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணக்கார தேசமான பிரிட்டனிலேயே, 2024 ஆகஸ்டில் மருந்து நிர்வாகத்தார் லெகானெமாப்புக்கு அனுமதி கொடுத்த அதே தினத்தில், சர்க்கார் வைத்தியத்தின் வரவு செலவைத் தீர்மானிக்கும் ஸ்தாபனத்தார், 'நன்மை சிறிது, செலவு பெரிது. பொதுப் பணத்தில் கொடுக்க வேண்டாம்' என்று பூர்வாங்க முடிவு வெளியிட்டார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. பணத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று உண்டு. இந்த ஊசிகள் எல்லாம் வியாதியின் ஆரம்ப தசையில் உள்ளவர்களுக்குத்தான். லேசான மறதி, லேசான தடுமாற்றம் என்ற கட்டத்தில், மூளையில் அமிலாய்டு இருப்பதாக நிரூபணமானால்தான் ஊசி. அந்த நிரூபணத்துக்கு முதுகுத் தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்; அல்லது பெட் என்னும் படம் எடுக்க வேண்டும். பெட் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற கதிர்வீச்சுப் பொருள் 110 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்து போகிறது. சென்னையில் தயாரித்து மோட்டாரில் திருவண்ணாமலைக்கு வருவதற்குள் முக்கால் பங்குக்கு மேல் மாயமாகிவிடும்! இரத்தச் சோதனையிலேயே குறிப்புக் காணும் முறை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. சிறு ஊர்களுக்கு உண்மையில் நம்பிக்கை அளிப்பது ஊசியை விட இந்தச் சோதனைதான் என்பேன்.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், 'இது வியாதி' என்று வீட்டில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே? இங்கேதான் நம் ஜில்லாவுக்குப் பக்கத்திலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும்.

1998-இல் கொச்சியில் கூடிய ஒரு சர்வதேச மகாநாட்டில் '10/66' என்ற விசித்திரமான பெயருடன் ஓர் ஆராய்ச்சிக் கோஷ்டி பிறந்தது. முதுமை மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் அவர்களைப் பற்றியது நூற்றுக்கு 10 கூட இல்லை என்பதே பெயரின் பொருள். இந்தக் கோஷ்டியார் ஏழு நாடுகளில் சுமார் 15,000 முதியவர்களை வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். இந்தியாவில் சென்னை நகரமும், வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள். திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிறவர்கள் கணியம்பாடியைக் கடந்துதான் போகிறார்கள்.

2008-இல் முடிவு வெளியாயிற்று. அமெரிக்க மனோவைத்தியர்களின் இலக்கணப்படி பார்த்தால் கியூபாவில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய். நம் கிராமங்களிலோ நூற்றுக்கு 0.3 பேருக்குத்தான்! அடடா, தமிழ்நாட்டுக் கிராமவாசிகளின் ஞாபக சக்திதான் என்னே என்று பெருமை கொள்ளலாமா? கூடாது. அந்த இலக்கணம், 'இவருடைய அன்றாடக் காரியங்கள் கெட்டுவிட்டன' என்று வீட்டார் வாயால் வருவதைப் பொறுத்தது. நம் கிராமங்களில் வீட்டார் அப்படிச் சொல்லவில்லை. கிழவருக்குக் காரியம் எதுவும் வைக்காமல் எல்லாவற்றையும் பிள்ளைகளே ஏற்றுக் கொண்ட பிறகு, கெடுவதற்குக் காரியம் ஏது? கல்வியறிவையும் வழக்கத்தையும் அனுசரித்து அந்தக் கோஷ்டியார் தாங்களே வகுத்த வேறொரு முறையில் பார்த்தபோது, எந்த ஊரிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்து இல்லை.

அடி அண்ணாமலையில் உப்பு இரட்டித்த ரசத்தின் கதையும் இதுவே. மருமகளின் அன்புதான் வியாதியை மூடி மறைத்தது. அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசீயக் கணக்கு கூறுகிறது. நம்மவர் மூளையை நாமே ஆராயும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி நிலையத்தார், கோலார் ஜில்லா சீனிவாசபுரத்தில் 10,000 கிராமவாசிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதென்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்த நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தாமதிக்கவோ முடியும் என்று 2024-இல் லான்ஸெட் பத்திரிகைக் குழுவினர் கணக்கிட்டார்கள். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், புகை, தனிமை என்று 14 காரணங்களை அவர்கள் சொல்லுகிறார்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்களே, அந்த ஊழியர்கள் தங்களை அறியாமலே மூளைக்கும் காவல் செய்து வருகிறார்கள்.

இன்னொரு ஊசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மறதியெல்லாம் அல்ஸைமர் வியாதி ஆகிவிடாது. தைராயிடு குறைவு, மனச்சோர்வு, தலையில் பட்ட அடியால் உள்ளே தங்கிய இரத்தம் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். பி-12 வைட்டமின் குறைவும் அப்படியே. இது புலால் உண்ணாத குடும்பங்களில், அதிலும் வயதானவர்களிடம், சகஜம். அதற்கு உரிய ஊசி சொற்ப விலையில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். லட்சக் கணக்கான ரூபாய் ஊசியைத் தேடுமுன் இந்தச் சோதனைகளைச் செய்யாமலிருப்பது பெரிய பிசகு.

இவ்வளவையும் சிநேகிதரிடம் சொன்னேன். அவர் தாயாரை வேலூருக்கு அழைத்துப் போனார். சைவக் குடும்பம்; டாக்டர் எதிர்பார்த்தபடியே பி-12 குறைந்திருந்தது. ஊசி போட்ட சில வாரங்களில் அம்மாளுக்குச் சோர்வு நீங்கி முகம் தெளிந்தது. ஆனால் ஞாபகம் திரும்பவில்லை. மூளைப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், வியாதி ஆரம்ப தசையைத் தாண்டிவிட்டது என்றும், புது ஊசிகளால் பிரயோஜனமில்லை என்றும் சொல்லிவிட்டார். டொனெபெஸில் என்ற பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். 1996 முதல் வழக்கிலிருக்கும் இந்த மாத்திரை நோயின் போக்கை மாற்றாது. சிலருக்குச் சில காலம் புத்தித் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும்.

"இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரசத்தில் உப்புக் கூடியபோதே போயிருந்தால்?" என்று சிநேகிதர் கேட்டார்.

அந்தக் காலத்தில் இந்த மருந்துகளில் எதுவும் இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கவேயில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் பி-12 குறைவை அன்றே கண்டிருக்கலாம் என்பதும் உண்மை. அதை அவரே சொல்லிக் கொண்டார். நான் மறுக்கவில்லை.

கோவாவில் 81 குடும்பங்களில் நடத்திய ஒரு பரீட்சையைப் பற்றி 2008-இல் எழுதியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பி, கவனிப்பவர்களுக்கு யோசனையும் தைரியமும் சொல்லச் செய்தார்கள். கவனிப்பவர்களின் மனக் கஷ்டம் குறைந்தது. இதை நான் சொன்னபோது சிநேகிதரின் மனைவி உள்ளேயிருந்து வந்து நின்று கேட்டாள்.

"அத்தை இனிமேல் மலை சுற்றப் போகலாமா, கூடாதா? அதை டாக்டரிடம் கேட்க மறந்து விட்டோம்" என்றாள்.

நடை நல்லது, தனியாக விடக் கூடாது என்பதுதான் எந்த டாக்டரும் சொல்லக் கூடியது. சிநேகிதர் அட்டையில் பெயரும் விலாசமும் டெலிபோன் எண்ணும் எழுதினார். மருமகள் அதைச் சிறு பையில் வைத்துத் தைத்து, அம்மாளின் ரவிக்கையோடு சேர்த்து முடிந்தாள். அடுத்த பௌர்ணமியன்று மாமியாரும் மருமகளும் சேர்ந்தே புறப்பட்டார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி எந்த ஊர்?" என்று அம்மாள் படியிறங்கும்போது என்னைக் கேட்டார். அன்று மாலை அது மூன்றாவது தடவை. சொன்னேன். "மழை உண்டா அங்கே?" என்றார். உண்டு என்றேன்.

இரவு பத்தரை மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள்.